சோதனையில் தேறிய மேசை

பெட்டி ஆலையில் அவரை எல்லாரும் 'உடைப்பு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். யாரும் கேலிக்கு வைத்த பெயர் இல்லை, அவருடைய வேலையே அதுதான். புதிதாகச் செய்கிற பயணப் பெட்டிகளில் மாதிரிக்கு ஒன்று அவர் கைக்கு வரும். ஆளுயரத்திலிருந்து கீழே போடுவார், சாவியால் கீறுவார், மேலே ஏறிக் குதிப்பார், சக்கரம் கழன்று ஓடுகிறவரை கருங்கல்லில் இழுப்பார். அத்தனைக்கும் தாங்கினால் 'தேறியது' என்று முத்திரை குத்துவார். தேறிய பெட்டி நேரே குப்பைக்குப் போகும், அதே மாதிரி புதுசு கடைக்குப் போகும். பதினேழு வருஷமாக இதற்குத்தான் சம்பளம்.

இப்படி நாள் முழுக்க அடித்து நொறுக்குகிற மனுஷன் வீட்டுக்கு வந்தால் சாதுவாக இருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. சோபாவில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், வீட்டை இரண்டாக்கிவிடுவார். "சிந்தாதே! கையைத் துடை! ஐயோ, கண்ணாடி, கண்ணாடி!" சாப்பாட்டு நேரத்தில் அவர் வாய்க்குள் போனதைவிட வாயிலிருந்து வந்ததுதான் அதிகம்.

சாப்பாடு நடந்தது கூடத்து சோபாவில். மடியில் தட்டு, எதிரே கண்ணாடி போட்ட குட்டை டீப்பாய். மடியில் தட்டை வைத்துக்கொண்டு ஒரு பருக்கை சிந்தாமல் ஆறு வயதுப் பிள்ளை சாப்பிடுமானால் அதை சர்க்கஸில்தான் சேர்க்க வேண்டும். சின்னவளுக்கு அந்தத் திறமை இல்லை. மூன்று மாதமாக அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுகிறாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டு முடிக்கிறாள்.

அம்மாக்காரி மருந்துக் கடையில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவள். நிற்கிறது என்ன பாடு என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, எனக்கு ஒரு டைனிங் டேபிள் வேணும். விலை நம்ம கைக்கு அடங்கணும், பசங்க கைக்குத் தாங்கணும். நாலு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும். பெத்த பொண்ணு சுவத்தைப் பார்த்துச் சாப்பிடறதை என்னால பார்க்க முடியலை."

அவருக்கும் மனதில் முள்ளாகத்தான் குத்திக்கொண்டிருந்தது. ஆனால் முள் எங்கே இருக்கிறது என்று தேடினவர், தன் வாயைத் தவிர எல்லா இடத்திலும் தேடினார். "கெட்டே போகாத டேபிள் ஒண்ணு வந்துட்டா நான் எதுக்குக் கத்தப்போறேன்? எல்லாம் சாமானோட தரம்தான்" என்றார். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சரி, முதலில் மேசை வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு மாதம் ஆராய்ச்சி நடந்தது. கண்ணாடி மேசை வேண்டாம், ஒரு ஸ்பூன் விழுந்தால் கதை முடிந்தது. பளிங்கு வேண்டாம், எலுமிச்சைச் சாறு பட்டால் தழும்பு. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை வேண்டாம், தண்ணீர் குடித்து ஊறிப்போகும். தேக்கு நல்லதுதான், ஆனால் விலையைக் கேட்டதும் உட்கார அவருக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது. கடைசியில் 'நேரில் போய்த் தட்டிப் பார்க்காமல் ஒன்றும் சொல்வதற்கில்லை' என்று தீர்ப்பாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மரச்சாமான் கடைக்குக் கிளம்பினார். தோளில் ஆலைப் பை தொங்கியது. "அது எதுக்குங்க?" என்று கேட்டதற்கு, "சும்மா, ஒரு பழக்கத்துக்கு" என்றார்.

கடையில் டை கட்டிய விற்பனைப் பையன் ஓடி வந்தான். "வாங்க சார். இதைப் பாருங்க, ரப்பர் மரம், கெட்டிப் பலகை. விலையும் கம்மி. லைஃப் டைம் வாரண்டி சார்."

"யாரோட லைஃபுக்கு? டேபிளோடதுக்கா, என்னோடதுக்கா?"

பையன் பல்லைக் காட்டினான். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் கூப்பிட, "பார்த்துட்டே இருங்க சார்" என்று நழுவினான். அதுதான் அவன் செய்த பிழை.

உடைப்பு சார் மேசையை விரலால் தட்டிப் பார்த்தார். குனிந்து கால்களை ஆட்டிப் பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பெரியவனைக் கூப்பிட்டு, "டேய், வீட்ல எப்படி உட்காருவியோ அப்படி உட்காரு" என்றார். பத்து வயதுப் பயல், வெளி இடத்தில் பரம யோக்கியன், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இதை வைத்து என்ன சோதிப்பது? அவருக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் தான் நிற்பது கடை என்பதே மறந்துபோய், ஆலையில் உதவியாளர்களுக்குச் சொல்கிற அதே குரலில், "ம், ஆகட்டும்!" என்றார்.

பையைத் திறந்து சாவிக் கொத்தைச் சின்னவள் கையில் கொடுத்தார்.

"கீறு."

"நிஜமாவாப்பா?"

"அழுத்திக் கீறு!"

அவள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், இரண்டு கையாலும் சாவியைப் பிடித்து மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பாக இழுத்தாள். அம்மா "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா குனிந்து அளவுகோலை வைத்துப் பார்த்தார். "அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை! சபாஷ்! அடுத்தது!" பெரியவன் ஏறிக் குதித்தான். பையிலிருந்த இரும்புக் குண்டு விழுந்தது, ஒரு குழி. மை கொட்டியது, தீவு மாதிரி ஒரு கறை. மேசை அசையவே இல்லை. பிள்ளைகளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பிறந்ததிலிருந்து 'தொடாதே' என்று கேட்ட காதுகள், 'இன்னும் பலமா' என்று கேட்டன. உடைப்பு சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து முத்திரையை எடுத்து நடு மேசையில் ஓங்கிக் குத்தினார். தேறியது.

சத்தம் கேட்டு விற்பனைப் பையனும் கடை மேலாளரும் ஓடி வந்து வாயைப் பிளந்து நின்றார்கள்.

"அருமையான சாமான் சார்" என்றார் இவர், முகமெல்லாம் பூரிப்பாக. "இது தேறிடுச்சு. இதே மாதிரி புதுசு ஒண்ணு பேக் பண்ணுங்க."

மேலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "புதுசு எதுக்கு சார்? இதோ இருக்கே உங்க டேபிள்."

உடைப்பு சாருக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. முகம் சுண்டிப்போனது. ஆலையின் விதிமுறையை விளக்கப் பார்த்தார். மேலாளர் காதில் ஏறவில்லை. மனைவி மட்டும் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எனக்கு இதுதாங்க வேணும். இதுக்கு மேல இதுல கெடறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரியாகத்தான் பட்டது.

மறுநாளே மேசை வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டதும், சின்னவள் சமையலறை வாசலில் தட்டோடு கொஞ்ச நேரம் தயங்கினாள். பிறகு வந்து நாற்காலியில் ஏறி, தான் இழுத்த கோட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு பேரும் ஒன்றாக இருந்தார்கள்.

பாதிச் சாப்பாட்டில் சின்னவளின் முழங்கை பட்டுப் பால் டம்ளர் சாய்ந்தது.

எல்லார் கையும் நின்றுபோனது. பால் மேசைமேல் பரவியது. உடைப்பு சார் அதைப் பார்த்தார். மேசைக்கு ஒன்றும் ஆகாது. மூடின வாய் மூடினபடி இருந்தது. ஆகா, ஜெயித்துவிட்டார் மனுஷன்! என்று நினைப்பதற்குள் பால் விளிம்பைத் தாண்டிக் கீழே சொட்டியது.

"தரை! தரை! போன மாசம் போட்ட டைல்ஸ்! கண்ணை எங்கே வச்சிருக்கே?"

சின்னவள் அழவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கினாள். தட்டை எடுத்துக்கொண்டாள். குறும்பு ஒன்றும் இல்லாமல், நிஜமான சந்தேகத்தோடு கேட்டாள்:

"அப்பா, தரையையும் மொதல்லயே உடைச்சு வாங்கியிருக்கலாம்ல?"

சமையலறைக்குள் போய்விட்டாள்.

பெரியவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். மனைவி துணியை எடுத்துக் கீழே சொட்டின பாலைத் துடைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. வெட்கம் காதுவரை சுட்டது. அவர் கையால் அடிபட்டு நொறுங்கின பெட்டிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், அதில் ஒன்றுகூட அவரைப் பார்த்து ஒதுங்கி நின்றதில்லை. எழுந்தார். தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

தொட்டியின் பக்கத்தில் இரண்டு பேர் நிற்க இடம் போதாது. அவர் சுவரோடு ஒட்டி, தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வாய் எடுக்கப் போனதில் தட்டு சாய்ந்து குழம்பு சட்டையில் கொட்டி, காலடியில் சொட்டியது. அவர் பதறிப்போய்க் குனிந்தார்.

சின்னவள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"பயப்படாதீங்கப்பா. இங்க சிந்தினா யாரும் திட்ட மாட்டாங்க."