சுண்ணாம்புக் கோடு

தீர்ப்பு வந்த அன்று மாலை நாலு இருபதிலிருந்து கோட்டுக்காரரின் மகனால் எந்த வெள்ளைக் கோட்டையும் தாண்ட முடியாமல் போயிற்று. நீதிமன்றத்துக்கு எதிரே சாலையைக் கடப்பதற்காகப் பூசியிருந்த பட்டைகளின் முன்னால்தான் அது முதலில் தெரிந்தது. தூக்கிய வலது கால் முதல் பட்டைக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. அப்பா கையைப் பிடித்து இழுத்தார், அம்மா முதுகில் கை வைத்துத் தள்ளினாள், வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையனும் தன் பங்குக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு முட்டிப் பார்த்தான். கால் அசையவில்லை. வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கியதும் நால்வரும் ஓரமாகவே நடந்து, பெயின்ட் முழுக்கத் தேய்ந்து தார் தெரிகிற இடத்தில் ஒருவழியாக அந்தப் பக்கம் போனார்கள். ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருஷமாகத் தீர்ப்பு அடிக்கிறேன், எழுதினபடி நடந்த முதல் தீர்ப்பு இதுதான் என்று நீதிமன்றத் தட்டச்சர் மட்டும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

தீர்ப்பில் எழுதியிருந்தது ஒரு பக்கம்தான். பையனுக்கு வயது பதினேழு. விசாரணை நடந்த எட்டு மாதம் சீர்திருத்தப் பள்ளியில் இருந்துவிட்டான், அது போதும். ஆனால் களத்தில் இறங்குவது ஒரு மரியாதை, அதை அவன் இழந்துவிட்டான். ஆகவே ஐந்து ஆண்டுகளுக்கு அவன் எந்த ஆட்டக்களத்தின் கோட்டையும் தாண்டக் கூடாது. அடிபட்டவனின் தரப்பு எழுதிக் கொடுத்தால் காலத்தைக் குறைக்கலாம். இவ்வளவுதான். எது ஆட்டக்களக் கோடு, எது சாலைக் கோடு என்று பிரித்துப் பார்க்கக் காலுக்குத் தெரியவில்லை. கோட்டுக்காரர் என்று ஊர் கூப்பிட்ட அவன் அப்பா, நகராட்சி மைதானத்தில் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக் கோடு போடுகிறவர். இருபத்தாறு வருஷமாக அவர் போட்ட கோட்டுக்குள்தான் இந்த ஊர்ப் பிள்ளைகள் பந்து உதைத்தார்கள். அவர் மகனும் அதற்குள்தான் வளர்ந்தான். எதிராளி இருக்கிற இடத்தில் இருக்கவே மாட்டான் என்பதால் அவனுக்கு வெட்டுக்கிளி என்று பெயர். தலைநகரத்து அணி ஒன்று அவனை எடுத்துக்கொள்வதாகக் கடிதமே அனுப்பியிருந்தது.

அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் வெட்டுக்கிளி பெனால்டி அடித்தான். எதிரணி கோல்கீப்பர் இடது பக்கம் பாய்ந்து பந்தை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தான். பிடித்தவன் சிரிக்காமல் என்ன செய்வான்? ஆட்டம் முடிந்து, உடை மாற்றும் அறைக்குப் பின்னால் இருந்த குழாயடியில் அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, வெட்டுக்கிளி மூலைக் கொடிக் கம்பைப் பிடுங்கி வந்து அவன் தலையில் மூன்று முறை அடித்தான். முதல் அடி கோபம் என்று சொல்லலாம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அவனைப் பெற்றவளாலேயே பெயர் சொல்ல முடியவில்லை. கோல்கீப்பர் பிழைத்துக்கொண்டான். நடப்பான், சாப்பிடுவான், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். ஆனால் தன்னை நோக்கி எது வந்தாலும் கையைத் தூக்க மாட்டான். பந்து வந்தாலும் சரி, ஈ வந்தாலும் சரி, சாத்துகிற கதவு வந்தாலும் சரி. இரண்டு கையும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்க, வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

முடிதிருத்தும் கடையில் ஒரு வருஷம் இந்தப் பேச்சு ஓடியது. சின்னப் பையன், திறமை இருக்கிறது, இருக்கிற ஒரே நல்ல வழியையும் அடைத்துவிட்டால் அவன் மறுபடி கெட்டுத்தானே போவான் என்றார்கள் சிலர். திறமை இருக்கிறது என்பதற்காக விட்டால் நாளைக்கு எல்லாப் பையனும் கம்பைத் தூக்குவான் என்றார்கள் சிலர். தப்பு செய்தது கை, தண்டனை காலுக்கா என்று ஒருவர் கேட்டதற்கு, கையைக் குழாயடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது எது என்று கத்தரியை நிறுத்தாமலே கேட்டார் கடைக்காரர். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, அதனால் இரண்டு பக்கமும் நன்றாகச் சத்தம் போட்டார்கள். பேசினவர்களில் யாரும் அந்த இரண்டு வீட்டுக்கும் போய்ப் பார்த்ததில்லை.

வெட்டுக்கிளியின் உலகம் நாளுக்கு நாள் சுருங்கியது. ரயில் நடைமேடையின் ஓரத்தில் கோடு, கிடங்கில் பெட்டி அடுக்கும் தரையில் கோடு, பேருந்து நிறுத்தத்தைச் சுற்றிக் கோடு, மருத்துவமனையில் எக்ஸ்ரே அறைக்கு முன்னால் கோடு. கோடில்லாத வேலை கிடைக்கவில்லை. மனிதன் எத்தனை கோடு போட்டு வைத்திருக்கிறான் என்பது அதுவரை எங்களுக்கும் தெரியாது. நகராட்சி சாலைகளுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த வருஷம், அவனுக்கு மூன்று தெருக்கள் மிஞ்சின. பக்கத்து வீட்டுப் பொடிசுகள் ஒருநாள் வாசற்படியில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போயின. தையல் ஆலையில் காஜா எடுக்கும் அம்மா வேலை முடிந்து வந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வரை அவன் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். அன்று அவள் கத்தவில்லை. வெள்ளைக் கரை போட்ட துண்டுகளையெல்லாம் எடுத்து நீலச் சாயத்தில் முக்கிக் காயப்போட்டாள். அவன் மட்டும் தெருச் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டே இருந்தான். முதல் வருஷம், என் வாழ்க்கையைப் பிடுங்கிட்டாங்க என்று சொல்லிக்கொண்டே உதைத்தான். இரண்டாம் வருஷத்திலிருந்து எதுவும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம், அந்தக் கையெழுத்து. கோல்கீப்பரின் அம்மா டவுன் பஸ்ஸில் நடத்துனர். புருஷன் இல்லை, மகனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை, அதனால் அவனை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டே வேலை பார்த்தாள். கோட்டுக்காரர் தினமும் வேலை முடிந்ததும் அந்தப் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கினார், அதிலேயே திரும்பினார். நாலு வருஷம் இப்படி. அவள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். டிரைவர் பிரேக் போடும்போது பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் கம்பியைப் பிடிப்பார்கள். முன் சீட்டுப் பையன் பிடிக்க மாட்டான், நெற்றி கம்பியில் போய் மோதும். அதற்காக அவள் அந்தக் கம்பியில் ஒரு சின்னத் தலையணையைக் கட்டி வைத்திருந்தாள். அது அழுக்காகி, உறை மாறி, மறுபடி அழுக்காவதைக் கோட்டுக்காரர் பார்த்துக்கொண்டே போய் வந்தார். தலையணையைப் பார்த்த பிறகு கேட்க வாய் வராது. கேட்காமல் வீட்டுக்குப் போனால் மகன் முகத்தைப் பார்க்க முடியாது.

வெட்டுக்கிளிக்கு இருபத்தொரு வயது முடிய ஒரு மாதம் இருந்தபோது, தலைநகரத்து அணி ஆள் எடுக்க இந்த ஊர் மைதானத்துக்கே வருவதாகச் செய்தி வந்தது. இருபத்தொன்று தாண்டினால் அவர்கள் எடுப்பதில்லை. அன்று கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கின பிறகு கோட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, ஒரே ஒரு கையெழுத்து. இத விட்டா அவனுக்கு வேற எதுவும் இல்ல."

"தங்கச்சின்னு கூப்பிடாதீங்க," என்றாள் அவள். சில்லறைப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மகனின் நெற்றியைத் துடைத்தாள். "உங்க பையன் கால் எழும்பலன்னு நாலு வருஷமா என்கிட்ட வர்றீங்க. என் பையன் கை எழும்பல. நான் யார்கிட்ட போய் நிக்கிறது, சொல்லுங்க?"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் விசில் ஊதினாள், பஸ் திரும்பியது.

அன்று தூக்கமில்லாமல் புரண்டபோதுதான் கோட்டுக்காரருக்கு அந்த யோசனை வந்தது. கோடு போடுகிறவருக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. கோடு கிளம்பின மூலையிலேயே வந்து முட்டினால்தான் அது களம், அதுவரை அது வெறும் புல்தரை. அவர் தொழிலில் இது பாலபாடம். தாண்டக் கூடாது என்றுதானே தீர்ப்பு? மகனை முதலில் நடுவில் நிறுத்திவிட்டு அவனைச் சுற்றிக் கோடு போட்டால், அவன் எதையும் தாண்டவில்லையே. நாலு நாள் பெய்த மழையில் பழைய கோடு சுத்தமாகக் கரைந்திருந்தது. வீட்டிலிருந்து மைதானம் வரை வழியில் இருந்த கோடுகளின் மேல் அம்மா தேர்வுக்கு முந்தின மாலையே சாணியையும் மண்ணையும் குழைத்துப் பூசிவிட்டு வந்தாள். விடிந்ததும் மகனை அழைத்துக்கொண்டு போய் நடுக்களத்தில் நிறுத்தினார். மறுபடி மழை வந்து காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று சுண்ணாம்பில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பசை சேர்த்தார். உள்கோடு ஒன்றும் போடவில்லை, சுற்றுக் கோடு மட்டும்தான். அது நூல் பிடித்த மாதிரி வந்தது. கிளம்பின மூலையில் வண்டியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். மகன் உள்ளே நின்றான். நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் அழுதார்.

வந்தவர்களுக்குத் தீர்ப்பும் தெரியாது, கோடும் தெரியாது. அவர்கள் பார்த்தது ஆட்டத்தை. மூன்று தெருவில் அடைந்து கிடந்த கால்கள் அன்று என்ன செய்தன என்பதை இந்த ஊரில் இன்றும் நேரில் பார்த்தவர்கள் சொல்வார்கள், பார்க்காதவர்கள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். அரை மணி நேரத்தில் மூன்று கோல். தேர்வாளர் ஒருவர் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இடைவேளையில் அந்தப் பையனை இங்கே வரச் சொல்லுங்கள் என்றார். விசில் ஊதினார்கள். எல்லாரும் தண்ணீர் குடிக்க வெளியே போனார்கள். வெட்டுக்கிளி பக்கக் கோடு வரை ஓடி வந்தான். தூக்கிய கால் கோட்டுக்கு மேலே நின்றுவிட்டது.

உள்ளே விடுவதையே யோசித்த மனிதர் வெளியே வருவதை யோசிக்கவில்லை. துடைப்பம் கொண்டுவந்து கூட்டினார், தண்ணீர் ஊற்றித் தேய்த்தார், தேய்ந்த இடத்தில் கோடு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. சாணியும் மண்ணும் குழைத்துப் பூசினார், பூசினது உதிர்ந்து கோடு மேலே வந்தது. மண்வெட்டியால் வெட்டினார். ஒரு முழம் தோண்டியும் மண் வெள்ளையாகவே இருந்தது. மகனைத் தோளில் தூக்கிப் பார்த்தார்கள், கிடத்தி உருட்டிப் பார்த்தார்கள், தீயணைப்பு வண்டியின் ஏணி வைத்தும் பார்த்தார்கள். தேர்வாளர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். பொழுது சாயும் வரை கோட்டுக்காரர் மண்வெட்டியை விடவில்லை. அம்மா வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டு, கோட்டுக்கு மேலாகச் சாப்பாட்டுத் தூக்கை நீட்டினாள். கை தாண்டியது, தூக்கு தாண்டியது. மகன் வாங்கிச் சாப்பிட்டான்.

அப்படியே இருந்துவிட்டான். பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு தகரம் கொடுத்தார்கள், அதை ஒரு கோல் கம்பத்தில் சாய்த்துக் கட்டிக்கொண்டு தூங்கினான். அடுத்த வருஷம் ஐந்தாண்டு முடிந்தது. தடை நீங்கியது என்று முத்திரை வைத்த காகிதத்தை நீதிமன்ற ஊழியர் கொண்டுவந்து சத்தமாகப் படித்தார். கோடு அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு மைதானம் ஒதுக்கினார்கள். நகராட்சிப் பதிவேட்டில் பழைய மைதானத்தின் பக்கத்தில், கோல் கம்பம் இரண்டு, வலை இரண்டு, ஆள் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏழாவது வருஷம் நடத்துனர் அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். கோட்டுக்காரர் எழுந்து நின்றார். அவள் மகனைக் கோட்டுக்கு உள்ளே விட்டாள். அவனுக்கு ஒரு தடையும் இருந்ததில்லை. கால்கள் பழக்கத்தில் நேரே கோல் வாய்க்குப் போய் நின்றன.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க," என்றாள் அவள், களத்தைப் பார்த்தபடியே. "தெனமும் பந்து வந்தா ஒருநா கை எழும்பும்னு டாக்டர் சொல்றார். மெதுவா வரணும், நிக்காம வரணும். வருஷக்கணக்கா தெனமும் நின்னு உருட்ட யாருக்கு நேரமிருக்கு? இவன் ஒருத்தனுக்குத்தான் போக வேற எடமில்ல."

வெட்டுக்கிளி பெனால்டி புள்ளியில் பந்தை வைத்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான். பிறகு குழந்தைக்கு உருட்டுகிற மாதிரி உருட்டினான். பந்து தொங்கிக்கொண்டிருந்த கையை உரசிக்கொண்டு வலைக்குள் போயிற்று. கோல்கீப்பர் அதைப் பார்த்தான். வெட்டுக்கிளி கோட்டுக்கு மேலாகக் கையை நீட்டி வலையிலிருந்து எடுத்து வந்து மறுபடி உருட்டினான். அன்று தொடங்கியது, இன்றுவரை நிற்கவில்லை. ஒரு பந்தைப் பிடித்துவிட்டான் என்பதற்காக ஒருவனை அடித்தவன், இப்போது ஒரே ஒரு பந்தைப் பிடித்துவிட மாட்டானா என்று ஒவ்வொரு மாலையும் ஏங்குகிறான். அடிக்கிற ஒவ்வொன்றும் கோலாகிறது. அதைவிடப் பெரிய தண்டனையை எந்த நீதிபதிக்கும் எழுதத் தெரியாது.

இரண்டு அம்மாக்களும் கோட்டுக்கு வெளியே ஒரே பலகையில் உட்கார்ந்திருப்பார்கள், அதிகம் பேச மாட்டார்கள். சனிக்கிழமைகளில் கோட்டுக்காரர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்து தேய்க்க ஆரம்பிப்பார், யாரும் தடுப்பதில்லை. பொழுது மங்கினதும் நடத்துனர் அம்மா விசில் ஊதுவாள். அவள் மகன் பந்தை விட்டுவிட்டு வெளியே நடப்பான். கால் தடுக்கிவிடாமல் வெட்டுக்கிளி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கோடு இருக்கிற இடம் வரைக்கும் கூட வருவான்.