காக்காக் கடி

வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுண்ணாம்பு வெந்த புண் என்றே பஞ்சம்மாள் நினைத்திருந்தாள். அறுபத்திரண்டு வயதுக்காரிக்கு வேறென்ன வந்துவிடப் போகிறது? கடைவாய்ப் பல் வலி பொறுக்க முடியாமல்தான் சாயல்குடியில் பஸ் ஏறி ராமநாதபுரத்துப் பல் டாக்டரிடம் போனாள். அவர் பல்லை விட்டுவிட்டு அந்த வெள்ளையையே பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

எச்.ஐ.வி. இருப்பதாக வந்த காகிதத்தைப் படித்ததும் டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"இங்க பல் எடுக்க முடியாதும்மா. மதுரைக்குப் போங்க."

கரி லாரியில் ஊர் ஊராகப் போய், நாலு வருஷத்துக்கு முன்னால் டி.பி. என்று செத்துப்போன புருஷன் முனியசாமி தனக்கு எதை விட்டுப் போனான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எச்சில்ல பரவாதும்மா. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா நல்லா இருக்கலாம்" என்றாள். நல்ல பிள்ளைதான். ஆனால் படித்த டாக்டரே தொடப் பயந்த வாயாயிற்றே. பஞ்சம்மாள் அந்தப் பெண்ணின் பேச்சைவிட, பின்னால் போன நாற்காலியைத்தான் நம்பினாள்.

மறுநாள் மிளகாய்க் காட்டில் ராக்கு காத்திருந்தாள். இருபது வருஷமாக இருவரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் பழம் எடுக்கிறவர்கள். ராக்குவுக்கு முன்பல் ஒன்றுகூடக் கிடையாது. கொட்டைப்பாக்கை முந்தானையில் பொதிந்து, பஞ்சம்மாள்தான் கடித்துப் பாதியைக் கொடுப்பாள். இந்த வயதில் கிழவிகளுக்குக் காக்காக் கடி கேட்கிறது என்று மற்ற பெண்கள் சிரிப்பார்கள்.

"இந்தாடி, கடிச்சுக் குடு."

"பல்லு வலிக்குதுடி."

"இங்கிட்டு ஒதுக்கிக் கடி."

"வேற ஆளப் பாரு, போ."

ராக்குவின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் என்னடி செஞ்சேன் ஒனக்கு?"

பஞ்சம்மாள் குனிந்து பழம் எடுக்க ஆரம்பித்தாள். சொல்லிவிட்டால் நாளைக்கு இவளும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டால்? இவளை விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள்?

மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது ராக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பஞ்சம்மாள் ஒரு பாக்கை வரப்பில் வைத்துக் கல்லால் தட்டினாள். பாதியை நீட்டினாள்.

ராக்கு திரும்பிப் பார்த்தாள். "கல்லுல ஒடைக்க எனக்குத் தெரியாதா? நீ கடிச்சுக் குடுத்தாத் திங்கிறேன்."

இன்னொரு முழுப் பாக்கை எடுத்துத் தன் முந்தானையிலேயே பொதிந்து, பஞ்சம்மாளின் வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். பஞ்சம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து வழிந்தது விரல்களின் மேல் இறங்கியது.

நீட்டிய முந்தானையை ராக்கு மடக்கவில்லை.