மஞ்சள் வண்டி, சிவப்புக் கோடு

என் மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு ஃப்ரிட்ஜோடு பேச ஆரம்பித்திருந்தார். "காபி ஆறிப் போச்சு," என்பார் அதனிடம். நான் சுட வைத்துக் கொடுப்பேன். "ம், பரவாயில்ல," என்று பாராட்டும் அதற்கே போகும். வீட்டில் என் கணவர் இருந்தால் அவர் வழியாகத் தகவல் வரும். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாதி நாள் மாலை ஷிப்டுக்குப் போய்விடுவதால் ஃப்ரிட்ஜுக்கு வேலை அதிகம்.

இத்தனைக்கும் நான் செய்த தப்பு, என் வேலையைச் செய்ததுதான். நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். மாமா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் வண்டி ஓட்டக் கற்றார்கள். புதுக் கண்ணாடி போட வந்தவரை, இதையும் பார்த்துவிடலாம் மாமா என்று பக்கப் பார்வை சோதிக்கும் கருவிக்கு முன்னால் உட்கார வைத்தேன். வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கே ஒளிப்புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும். இடது பக்கம் ஒன்றுவிடாமல் அழுத்தினார். வலது பக்கம் வந்ததும் குத்துமதிப்பாகத் தாளம் போட்டார். புள்ளியே வராத நேரத்திலும் அழுத்தினார். கருவி அவரைவிடப் பொல்லாதது, வலது பக்கப் பார்வை போய்விட்டதைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"இனிமே வண்டி ஓட்ட வேண்டாம் மாமா," என்றேன். கண் டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் டாக்டருக்குக் கும்பிடு, எனக்குக் கோபம்.

"எனக்கே தெரியாதது இவளுக்கு எப்படித் தெரியும்?" என்று அன்று கேட்டதுதான், என் காதில் விழும்படி அவர் கடைசியாகக் கேட்ட நேரடிக் கேள்வி. அதுகூட நர்ஸ் மகனைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வலது பக்கம் கறுப்பாகத் தெரிந்தால் மனிதருக்கு உறைக்கும். அவருக்கு அது கறுப்பாக இல்லை, அப்படி ஒரு பக்கமே இல்லை. நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரியவில்லையே என்று நாம் என்ன அழுதுகொண்டா இருக்கிறோம்?

நான் அழாத குறைதான். காரின் இரண்டாவது சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போகப் போவதாக அந்த வாரம் ஃப்ரிட்ஜிடம் அறிவித்துவிட்டார். போகிற வழியோ லாரிகள் சாரி சாரியாகப் போகும் பெரிய சாலை. சாவியைப் பிடுங்கலாம் என்றார் என் கணவர். பிடுங்கினால் வேறொன்று செய்து வாங்குவார். அவராக நம்பினால்தான் உண்டு. எப்படி நம்ப வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. இரவில் புரண்டு புரண்டு படுத்தேன்.

இந்த லட்சணத்தில் வெள்ளிக்கிழமை மாலை எங்கள் கிளப்பில் பழைய கார்ப் போட்டி வந்தது.

கிளப் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டயர் கடைக்கு மேலே ஒரு நீள அறை. அறை முழுக்க மரப்பலகையில் போட்ட ஸ்லாட் கார் பாதை. பாதையில் நான்கு பள்ளக் கோடுகள், சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். உள்ளங்கை அகலப் பொம்மைக் கார்களின் அடியில் ஒரு நாக்கு இருக்கும். அதைக் கோட்டில் செருகினால் கோட்டோரத்து மின்சாரத்தில் வண்டி ஓடும். ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனி விசை, ஓட்டுகிறவர் கையில். அழுத்தினால் வேகம், விட்டால் நிதானம். திருப்புகிற வேலையைக் கோடு பார்த்துக்கொள்ளும். ஆனால் வளைவில் ஆசைப்பட்டு அழுத்தினால் வண்டி எகிறிப் போய்ச் சுவரில் மோதும். அப்படி விழுந்த வண்டியை எடுத்து மறுபடி கோட்டில் வைக்க வளைவுக்கு ஒரு மார்ஷல் நிற்பார். எங்களில் நான்கு பேர் ஓட்டினால் மற்ற நான்கு பேர் மார்ஷல். எட்டுப் பேர் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை.

அன்று ஒருவர் குறைந்தார். "அப்பாவைக் கூட்டிட்டுப் போயேன்," என்றார் என் கணவர், ஷிப்டுக்குக் கிளம்பியபடியே. "அப்பா, ஆள் இல்லாம இவங்க போட்டியே நின்னுடுமாம்!"

மாமா ஃப்ரிட்ஜைப் பார்த்தார். "சும்மாதானே கிடக்கேன். போனா போச்சு."

காரில் முன் இருக்கையின் கதவைத் திறந்து வைத்தேன். அவர் பின் கதவைத் திறந்து உட்கார்ந்து, வாடகை வண்டியில் போகும் துரை மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் வளைக்கும் போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை மிதிக்கிற சத்தம் பின்னாலிருந்து வந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஆள் ஓய்வு பெற்றாலும் கால் ஓய்வு பெறவில்லை.

கிளப்பில் எங்கள் செயலாளரை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவோம். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற உத்தியோகம். போட்டியில் சுற்றுகளை எண்ணும் கம்ப்யூட்டரும், மொத்தப் பாதைக்கும் மின்சாரத்தை நிறுத்தும் பட்டனும் அவர் கையில். மாமாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"மாஸ்டர்! என்னை ஞாபகம் இருக்கா? ரிவர்ஸ்ல உங்க கேட்டை இடிச்சேனே!"

"இடிச்சவன் நிறைய பேர். எந்தக் கேட்டு?"

அதோடு அறையே அவர் வசமாகிவிட்டது. எங்களோடு ஓட்டுகிற ரொட்டிக்கடைக்காரரும் அவருடைய பழைய மாணவர்தானாம். அவர் கொண்டுவந்த பன்னில் பெரியதாக ஒன்று மாமா கைக்குப் போனது.

அப்புறம் நான் என் பெட்டியைத் திறந்தேன். அன்றைய விதி, எல்லாமே நம் கையால் செய்து வர்ணம் அடித்த பழைய மாடல் கார்களாக இருக்க வேண்டும். மற்றவர்கள் நீள மூக்கு வைத்த பந்தயக் கார்களைக் கொண்டுவந்திருந்தார்கள். நான் கொண்டுபோனது உருண்டை முதுகுள்ள ஒரு மஞ்சள் கார். கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை, பின்னால் எல் போர்டு, இடது கதவில் பழைய அடியின் ஒரு சொட்டை. மாமாவின் முதல் வண்டி, ஒரே ஒரு போட்டோவைப் பார்த்துச் செய்தது. சண்டைக்கு முன்பே அவர் பிறந்தநாளுக்கென்று ஆரம்பித்தேன். சண்டைக்கு அப்புறம் நிறுத்தவும் மனம் வரவில்லை, கொடுக்கவும் வாய் வரவில்லை.

மாமா அதைக் கையில் எடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். அடுக்களையில் கிடைத்த தகரத்தை நறுக்கி, மாஸ்டர் பக்கத்துக்கும் ஒரு பிரேக் ஒட்டியிருந்தேன். வெகுநேரம் அதைப் பார்த்தார். அப்புறம் அவரை ஒட்டி நின்ற என்னை விட்டுவிட்டு, எதிரே இருந்த ரொட்டிக்காரரிடம் கேட்டார்.

"யாரு செஞ்சது இதை?"

ரொட்டிக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உங்க மருமகதான் மாஸ்டர். இதோ நிக்கிறாங்களே!"

"நல்லா வந்திருக்குன்னு சொல்லுங்க."

"நல்லா வந்திருக்காம்," என்றார் ரொட்டிக்காரர் என்னிடம், பாவம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

முதல் ஆட்டத்திலேயே அந்த மஞ்சள் வண்டியை மாமா ஓட்டினார். அவருக்குச் சிவப்புக் கோடு, ரொட்டிக்காரருக்கு மஞ்சள். விதிப்படி மாமாவின் வண்டிக் கூரையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினேன். வண்டி விழுந்தால் மார்ஷல் அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் அதே நிறக் கோட்டில் வைக்க வேண்டும். எனக்கு மார்ஷல் வேலை, அறையின் வலது கோடியில். நீள நேர்ப்பாதை முடிகிற இடத்தில் குறுகலாகத் திரும்பும் வளைவு அது. நாங்கள் வைத்த பெயர் கழுத்தறுப்பு.

விசையைப் பிடித்ததும் மாமாவின் முகமே மாறிவிட்டது. தலை நேர், தோள் நேர். இடது பக்க வளைவுகளில் அவர் ஓட்டியதைப் பார்க்க வேண்டுமே! மற்றவர்கள் எகிறி விழ, இவர் வண்டி பதவிசாகத் திரும்பி வரும். "மாஸ்டர்னா மாஸ்டர்தான்," என்றார் மீட்டர். மாமாவுக்கு வாயெல்லாம் பல். அவரை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! வண்டி விழுகிற சத்தமும் ஆட்கள் கத்துவதுமாக இருந்த அந்த அறையில் எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஆனால் வண்டி நேர்ப்பாதையில் என் பக்கம் வரும்போது கதை வேறு. கார் வலது பக்கம் ஓட ஓட அவர் பார்வையின் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். அதற்கப்புறம் கருவியிடம் போட்ட அதே தாளம்தான், குத்துமதிப்பாக அழுத்துவார், விடுவார். கழுத்தறுப்பில் வண்டி என் வயிற்றில் வந்து விழும். நான் எடுத்து வைப்பேன். திரும்பி இடது பக்கம் வந்ததும் பழையபடி ராஜா.

"அங்க மார்ஷல் சரியில்லை," என்றார், பொதுவாக, காற்றைப் பார்த்து.

விட்டேனா பார் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த முறை அவர் வண்டியும் ரொட்டிக்காரர் வண்டியும் ஒரே நேரத்தில் எகிறின. இரண்டையும் பாய்ந்து பிடித்தேன். ரொட்டிக்காரருடையதை மஞ்சளில் வைத்தேன். மாமாவின் வண்டி கையில் மஞ்சளாக மின்னியது. அவசரத்தில் பொட்டை யார் பார்த்தார்கள்? மஞ்சள் காரை மஞ்சள் கோட்டிலேயே வைத்துவிட்டேன், மற்றதற்கு நேர் முன்னால்.

ரொட்டிக்காரர் அழுத்தினார். இரண்டு வண்டிகளும் சேர்ந்து கிளம்பின, ஒன்றையொன்று இடித்து மல்லாந்தன. அறை கொல்லென்று சிரித்தது. "ரெண்டு குதிரைக்கு ஒரே கடிவாளமா!" என்று யாரோ கத்தினார்கள். மீட்டர் பட்டனைத் தட்டினார். மின்சாரம் நின்றது, மற்ற கார்களும் நின்ற இடத்தில் நின்றன.

மாமா மட்டும் விசையை அழுத்திக்கொண்டே இருந்தார். தலை நேராக, தோள் நேராக.

"என் வண்டி ஏன் கிளம்பல? எங்க அது?"

"என்ன மாஸ்டர், உங்க கண்ணு முன்னாடிதானே கிடக்கு!" என்றார் ரொட்டிக்காரர், இன்னும் சிரித்தபடி.

மாமா பார்த்தார். அவருடைய கண் முன்னால் காலிப் பலகை. சிரிப்பு ஒவ்வொருவரிடமாக அடங்கியது. அவர் தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பினார். இன்னும் திருப்பினார். முகவாய் தோளைத் தொடப்போன சமயத்தில்தான் என்னைப் பார்த்தார். நான் அசடு வழிய, மல்லாந்த வண்டிகளைக் கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

மறுபடி தலையை நேராக்கினார். நான் இல்லாமல் போயிருப்பேன். திருப்பினார். இருந்தேன். யாரும் சொல்லிக் கொடுக்காமல், கருவியும் டாக்டரும் இல்லாமல், அவராகவே சோதித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது தெரிய வேண்டும் என்று எத்தனை நாள் தவித்தேன்! ஆனால் இத்தனை பேர் நடுவில், என் கைத்தவறால் தெரியவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை.

"மாமா, தப்பு என்னோடதுதான். மஞ்சளைப் பார்த்து மஞ்சள்ல வச்சுட்டேன். பொட்டைப் பார்க்கல," என்றேன்.

அவர் கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். மீட்டர் பட்டனைத் தொடவே பயந்து நின்றார்.

"ஏம்மா," என்றார் மாமா.

ரொட்டிக்காரர் தன்னைத்தானோ என்று திரும்பிப் பார்த்தார். அந்த அறையில் அம்மா என்று கூப்பிட நான் ஒருத்திதான் இருந்தேன்.

"சொல்லுங்க மாமா."

"அந்தக் கோடியில வண்டி எப்ப வளைவுக்கு வருதுன்னு நீ குரல் குடு. நான் விடறேன்."

"மார்ஷல் குரல் குடுக்கலாமா?" என்று ரொட்டிக்காரர் மீட்டரைக் கேட்டார்.

"குடுக்கக் கூடாதுன்னு எங்கேயும் இல்லையே," என்றார் மீட்டர். பட்டனைத் தட்டினார்.

மஞ்சள் வண்டியைச் சிவப்புக் கோட்டில், இந்த முறை பொட்டைப் பார்த்து, வைத்தேன். அது இடது பக்கமெல்லாம் சுற்றி நேர்ப்பாதைக்கு வந்தது. "வருது மாமா... வருது... விடுங்க!" விட்டார். வண்டி கழுத்தறுப்பில் வாலை லேசாக ஆட்டியபடி திரும்பியது. "அழுத்துங்க!" அழுத்தினார். வாழ்நாள் முழுக்க ஊருக்கே "விடு, மிதி, பிடி" என்று கத்தியவர், நான் சொன்ன சொல்லைத் தட்டவில்லை. அதற்கப்புறம் அந்த வளைவில் அவர் வண்டி விழவே இல்லை. கத்திக் கத்தி எனக்குத்தான் குரல் கம்மிவிட்டது.

மாமா கடைசிக்கு முந்தின இடம். கடைசி, ரொட்டிக்காரர். "உங்க குடும்பமே சேர்ந்து என்னைக் கவுத்துட்டீங்க," என்று புலம்பிவிட்டு, மிச்சமிருந்த பன்களையும் எங்களிடமே கொடுத்துவிட்டார்.

கீழே வந்து காரைத் திறந்தேன். மாமா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார், மடியில் மஞ்சள் வண்டியோடு. டயர் கடையைத் தாண்டுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்.

"கியரை மாத்து. வண்டி கதறுது பாரு."

"சரி மாமா."

"கண்ணாடியைப் பாத்தியா? பாக்கல. ஸ்டியரிங்கை ஏன் அப்படி இறுக்கிப் பிடிக்கிற, அது என்ன ஓடியா போகப் போகுது?"

இன்னொரு நாளாக இருந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். அன்று ஒவ்வொரு திட்டும் இனித்தது. அவர் சட்டைப்பையில் சாவி கிணுகிணுத்தது. நான் கேட்கவில்லை.

பெரிய சாலையில் சேரும் இடம் வந்தது. நிறுத்தினேன். மாமா பழக்கத்தில் இடது பக்கம் பார்த்தார். அப்புறம் வலது பக்கம் தலையைத் திருப்ப ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

"இந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல," என்றார். "அந்தப் பக்கம் நீதாம்மா பாக்கணும். எனக்குத் தெரியல."

நான் பார்த்தேன். ஒரு லாரி வந்துகொண்டிருந்தது, எல்லா விளக்குகளும் எரிய.

"லாரி வருது மாமா."

"போகட்டும்," என்றார். அது போகும் வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.