படையலில் ஒரு குவார்ட்டர்

ராயப்பனின் பதினாறாம் நாள் படையலில் அவர் தம்பி சிங்காரவேல் ஒரு குவார்ட்டர் பாட்டிலை வைத்தபோது மகள் மணிமொழி வாயைத் திறக்கவில்லை. செத்தவருக்குப் பிடித்ததை வைப்பது முறை. இட்லி, கருவாட்டுக் குழம்பு, பீடிக்கட்டு, ஓரத்தில் பாட்டில். நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை பார்த்த ராயப்பன் பட்டப்பகலில் குடித்துவிட்டு சைக்கிளை மதகில் விட்டுச் செத்தார் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. மகள் சென்னையில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்குக் குடியை விட்டவர், நாலு வருஷம் கழித்து மறுபடி தொட்டுவிட்டார் என்று பெண்டாட்டி சின்னம்மாளும் நம்பினாள்.

என்ன நடந்தது என்று மணிமொழிக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்லூரியில் கடைசி வருஷத் தேர்வுக்கு ஆளை எதிரில் உட்காரவைத்து ஒரு முகம் வரைந்து கொடுக்கவேண்டும். கூடப் படித்தவர்கள் காசு கொடுத்து ஆள் பிடித்தார்கள். இவளுக்கு அப்பன் இருந்தார்; வரைவதற்காக ஊருக்கு வந்தாள். அம்மா முந்திரி உடைக்கக் காடாம்புலியூர் போயிருந்த வாரம் அது. நைட் ஷிப்ட் முடிந்து கரித்தூளோடு வந்தவரை மூன்று நாள் முக்காலியில் உட்காரவைத்தாள். கழுத்து சாயும்போதெல்லாம் அதட்டினாள். மூன்றாம் நாள் அவர் வேறொருவருக்காக மத்தியான ஷிப்ட்டையும் ஒத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் கண்ண மூடிட்டுப் போறேன் பாப்பா. ரெண்டு கண்ணும் எரியுது."

"மூக்கோரத்து நிழல் மட்டும்தாம்பா. கண்ணத் தொற. வெளிச்சம் மாறுது."

அவர் திறந்துகொண்டு உட்கார்ந்தார். ஒன்றரை மணிக்கு எழுந்து சைக்கிளை எடுத்தார். மதகு வரைக்கும்தான் போனார்.

அந்தப் படத்தை அம்மாவின் பழைய புடவையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வேறு ஒன்றைக் கொடுத்துப் பட்டம் வாங்கினாள். அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டம். அதைத் தூக்கி அடுப்பில் போடலாம்.

அப்புறம் மைன்ஸ் டவுன்ஷிப் வீடுகளில் செத்தவர்களைப் போட்டோ பார்த்து வரைந்து கொடுத்தாள். மகனைப் பறிகொடுத்த கஸ்தூரியம்மாள், படம் வந்த அன்றைக்குத்தான் ஆறு மாசத்துக்குப் பிறகு உட்கார்ந்து ஒருவாய் சோறு தின்றார். உன் கையில் மருந்து இருக்கிறது என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மணிமொழி கையை உருவிக்கொண்டு வந்துவிட்டாள். இந்தக் கை என்ன செய்தது என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

வருஷத் திதி வந்தது. ஊர் முகத்தையெல்லாம் வரைகிறாயே, உன் அப்பனுக்கு ஒரு படம் கிடையாதா என்று சின்னம்மாள் கேட்டாள். மணிமொழி அவருடைய மைன்ஸ் கேட் பாஸ் போட்டோவை வைத்து நாலு தடவை வரைந்து பார்த்தாள். மூக்கு வந்தது, மீசை வந்தது, கண் வரவில்லை. கடைசியில் கட்டிலுக்கடியில் கிடந்ததை இழுத்துச் சட்டம் போட்டு மாட்டினாள். அதில் கண் இருந்தது. சிவந்து, பாதி மூடி, பிடிவாதமாகத் திறந்துகொண்டு.

சின்னம்மாள் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"குடிச்ச கண்ணாட்டமே இருக்குது. சாவறன்னிக்கு இருந்த மூஞ்சியாடி மாட்டுவ? மாத்து."

மணிமொழி தூரிகையைக் கையில் எடுத்தாள். மறுபடி கண்ணைத் திற என்று அவரை அதட்டுவது மாதிரி இருந்தது. கீழே வைத்துவிட்டாள்.

திதியன்றைக்கு இலை போட்டதும் சிங்காரவேல் மடியிலிருந்து பாட்டிலை எடுத்து இலையோரத்தில் வைத்தார். படத்தை ஏறிட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணனுக்கு இன்னும் போதை எறங்கல பாரு. அப்படியே வரஞ்சிருக்கியே பாப்பா."

உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். மணிமொழி குனிந்து இலையோரத்திலிருந்து பாட்டிலை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"எங்கப்பா குடிக்கல சித்தப்பா. நான்தான் தூங்க வுடல. மூணு நாளா இந்தப் படத்துக்காக உக்கார வெச்சேன். ஒரு மணி நேரம் கேட்டாரு. குடுக்கல. அது தூக்கங்கெட்ட கண்ணு."

சிரிப்பு நின்றது. ஒரு வருஷமாக வாயில் என்ன வைத்திருந்தாய் என்று யாரோ கேட்டார்கள். பயம் என்றாள். பாட்டிலை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிங்காரவேல் மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

சின்னம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு வருசமா அந்த மனுசன நாக்கப் புடுங்கறாப்ல திட்டிகினு கெடந்தேனேடி. வெளக்கேத்தும்போதுகூட திட்டினேன். நீயும் கேட்டுகினுதான இருந்த?"

மணிமொழி தலையாட்டினாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள். சின்னம்மாள் அடிக்கவில்லை, உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வரும்போது கையில் ராயப்பனின் தலையணை இருந்தது. உறை அழுக்கேறி, நடுவில் பள்ளம் விழுந்த பழைய தலையணை.

பாட்டில் இருந்த இடத்தைத் துடைத்துவிட்டு, அதை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். மகளைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"சூடம் கொளுத்து. படத்துல கைய வெக்காத."