யாரும் எடுக்காத ஆட்டக்காரர்

டொலீடோ நகரக் கூடைப்பந்து அணியின் பதினைந்தாவது ஆட்டக்காரரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடைசி இடத்துக்காகக் கோடை முழுவதும் அணியின் முதலாளி வெர்னன் ஸ்ட்ரூப்பும் பொது மேலாளர் லீலண்ட் பெர்க்கும் மல்லுக்கு நின்றிருந்தார்கள். ஆட்டக்காரர்களை எடுப்பதும் விடுவதும் மேலாளர் பொறுப்பு, ஆனால் முதலாளியைக் கலந்துகொண்டு செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறையில் இதில் குழப்பமே கிடையாது: ஜெயித்தால் முடிவு முதலாளியுடையது, தோற்றால் லீலண்டுடையது. மெத்தை விற்றுக் கோடீஸ்வரரான வெர்னனுக்குக் கூடைப்பந்தில் தெரியாதது ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் அவருடைய பல் டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பல் டாக்டரின் மகனைத்தான் எடுக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். லீலண்டோ லிதுவேனியாவில் ஒருவனைக் கண்டுபிடித்து, அவன் ஆட்டங்களை வீட்டுக் கூடத்தில் போட்டுப் போட்டுப் பார்த்ததில் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போனதைக்கூடத் தாமதமாகத்தான் கவனித்தார். கெடு முடிந்த அன்று இருவரும் கையெழுத்துப் போடாமலே முறைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். மறுநாள் இவர் இருந்தார்.

கதவு நிலையில் தலை தட்டும் உயரம். சட்டையில் எண் இருந்தது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் துணி மட்டும் இருந்தது. "உங்களை யாரு எடுத்தது?" என்று லீலண்ட் கேட்டதற்கு, "நீங்கன்னு நெனச்சேனே" என்றார் அவர். லீக் அலுவலகத்தில் விசாரித்தபோது பதிவெல்லாம் ஒழுங்காக இருப்பதாகவும், இரண்டு பேரும் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார்கள். ஊர் அவருக்குத் 'தானாவந்தான்' என்று பெயர் வைத்தது. முதல் வாரத்தில் வெர்னன் அவரை லீலண்டின் கோமாளித்தனம் என்றார். லீலண்ட் அவரை முதலாளியின் அசட்டுத்தனம் என்றார். இருவரும் கைகழுவிவிட்ட அந்த நாட்களில் அவர் பந்தை மழைநீர் குழாயில் விழுவதுபோல வளையத்தில் இறக்கினார். பனி பிடிப்பதற்குள் டொலீடோ புள்ளிப்பட்டியலின் தலைக்கு வந்துவிட்டது.

உடனே வெர்னன் வானொலிக்குப் போய், "அவனைப் பார்த்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு, எடுடான்னுட்டேன்" என்றார். மறுநாள் காலை தானாவந்தான் நான்கு விரற்கடை குட்டையாக வந்தார். கால்சட்டையை மடித்துத் தைத்தார்கள். மெத்தைக் கடைத் திறப்புவிழாவில் வெர்னன் அதையே மறுபடி சொன்னார். இன்னும் நான்கு விரற்கடை போயிற்று. 'நான்தான் எடுத்தேன்' என்று யாராவது பெருமையடித்தால் ஆள் குறைகிறார் என்பதை லீலண்ட் கண்டுபிடித்துவிட்டுத் தன் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்ட அதே வாரம், ஒரு பத்திரிகைக்காரப் பெண் சிரித்தபடி கேட்க, "ரொம்ப நாளாவே அவர்மேல எனக்கு ஒரு கண்ணு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். இந்த முறை இறக்கம் நான்கு விரற்கடையோடு நிற்கவில்லை; விடிந்ததும் ஆட்டக்காரரின் தலை அவர் தோளுக்கு நின்றது.

லீலண்ட் அவரை மௌமீ ஆற்றங்கரை உணவகத்துக்குக் கூட்டிப்போய், வறுத்த பெர்ச் மீன் வாங்கிக் கொடுத்து, "வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலியெல்லாம் இல்ல. விமானத்துல காலை நீட்ட முடியுது" என்றார் தானாவந்தான், மீன்முள்ளை ஒதுக்கியபடி. "ஆனா வளையம்தான் தள்ளிப்போய்ட்டே இருக்கு."

அன்று மாலையே லீலண்ட் வானொலியில், தான் அவரை எடுக்கவில்லை, அவர் வந்ததற்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அறிவித்தார். இருபது வருட உத்தியோகத்தில் அவர் சொன்ன முதல் கலப்பில்லாத உண்மை அது. தானாவந்தான் இழந்த உயரத்தில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றார். வெர்னன் தொலைபேசியில் குதித்தார்.

"அப்போ உனக்கு எதுக்குய்யா சம்பளம்?"

"நீங்களும் இதையே சொல்லிடுங்க வெர்னன். ஆளு முழுசா எழுந்துருவாரு."

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"இது உண்மைங்க."

"உண்மையைச் சொல்லவா நான் டீம் வாங்கினேன்?"

லீலண்ட் வேறு வழி பார்த்தார். "சரி, சொல்ல வேணாம். இறுதி ஆட்டம் முடியற வரைக்கும் வாயை மூடிட்டு இருங்க. அதுக்கப்புறம் என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க. நான் ஏன்னு கேட்க மாட்டேன்." இந்தப் பேரம் வெர்னனுக்குப் பிடித்துவிட்டது. பெருமையடிக்காத ஒவ்வொரு நாளும் அவர் முகம் சிவந்து வீங்க, ஆட்டக்காரர் ஒவ்வொரு நாளும் வளர்ந்தார். டாக்டர்கள் முதலாளிக்கு ரத்தக்கொதிப்பு என்றார்கள். ஆட்டக்காரருக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

இறுதி ஆட்டத்துக்குத் தன்மேல் நம்பிக்கையில்லாமல் வெர்னன் தன் மனைவி டோரீனையும் கூட்டிவந்தார். எழுந்து பேசப் போனால் கோட்டைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது அந்த அம்மாளுக்கு உத்தரவு. அவர் குறுக்கெழுத்துப் புதிரை எடுத்து வைத்துக்கொண்டார். கடைசி நொடியில் தானாவந்தான் எழும்பிப் போட்ட பந்தில் டொலீடோ கோப்பையை வென்றது. பெரியவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒலிவாங்கிகள் முதலாளியைச் சூழ்ந்தன. "இவரை எடுத்தது யாரு சார்?" வெர்னன் வாய் திறந்தது. லீலண்ட் கண்ணை இறுக்கிக்கொண்டார். டோரீன் கோட்டை இழுத்தார், தையல் பிரிந்தது. 'நான்' என்று சொல்ல முடியாமலும், 'லீலண்ட்' என்று சொல்ல மனம் வராமலும் தவித்த அந்த மனுஷன், "எம் பொண்டாட்டி!" என்று அலறினார்.

டோரீன் நிமிர்ந்து, "எதை?" என்றார்.

லீலண்ட் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். ஆட்டக்காரர் தோழர்களின் தோள்மீது முழு உயரத்தோடு இருந்தார்; மயிரிழையும் குறையவில்லை. லீலண்டுக்குச் சிரிப்பு வந்தது, அது அழுகையாகவும் இருந்தது. மறுநாள் தானே மேசையைக் காலிசெய்யத் தொடங்கியவரிடம் வெர்னன் வந்து, டோரீனிடம் கேட்டதாகவும், லீலண்ட் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த அம்மாள் சொன்னதாகவும் முனகினார். அதிலிருந்து டொலீடோவில் ஆட்டக்காரர்களை எடுப்பதும் விடுவதும் டோரீன் அம்மாள்தான். இரண்டு ஆண்களும் அவர் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடுவார்கள். அவர் புதிர் முடியும்வரை காத்திருக்கச் சொல்லி, பிறகு ஏதோ ஒரு பெயரைச் சொல்வார். அந்த விளையாட்டில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அணி நன்றாகவே ஆடுகிறது. நல்ல ஏற்பாடு என்று லீலண்ட் சொல்கிறார். வெர்னனும் அதையே சொல்கிறார். அது தன் யோசனைதான் என்று மட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் சொல்லாமல் இருக்கிறார்.