அம்மன் கூழும் பத்து கிராமும்

ஒரு பிஸ்கட்டுக்காக ஆனந்தராஜ் பெட்டிக்கடை அருள்முருகனின் பல்லை உடைத்த கதை பிள்ளைச்சாவடியில் எல்லோருக்கும் தெரியும். ஏன் உடைத்தான் என்பது மட்டும் அப்போது அவன் பெண்டாட்டி சுமலதாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அருள்முருகன் கெட்டவனில்லை. கடை வாசலில் நின்ற ஆனந்தராஜின் ஏழு வயது மகள் அபியைப் பார்த்து, பிள்ளை இப்படி மெலிந்திருக்கிறதே என்று இரக்கப்பட்டு ஒரு கிரீம் பிஸ்கட்டை நீட்டினான். அபி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவன் விட்டானா? பிஸ்கட்டை அவள் வாய்க்கே கொண்டுபோனான். படகைக் கரையில் ஏற்றிவிட்டு ஈரக் காலோடு வந்துகொண்டிருந்த ஆனந்தராஜ் அதைப் பார்த்தான். மிட்டாய் ஜாடிகள் நொறுங்கின. ஜாடிகள்மேல் அருள்முருகன் விழுந்தான். அவனுடைய முன்பல் கமர்கட்டுகளோடு கலந்து கிடந்தது. பெற்ற பிள்ளைக்குப் பிஸ்கட் கொடுத்தவனை அடிக்கிற அப்பனை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

ஆனந்தராஜுக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். கடலில் வலை சிக்கினாலும் கோபம், குழம்பில் உப்பு குறைந்தாலும் கோபம். ஆனால் மகள் விஷயத்தில் அவனிடம் இருந்தது வேறு. அது பயம். பயத்தைப் பயமாகக் காட்டத் தெரியாத ஆண்பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கையை ஓங்குவதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி.

அபிக்கு ஐந்து வயதில் வலிப்பு வந்தது. கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை யாரோ தூக்கி அடித்ததுபோல் தரையில் விழுந்தாள். கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்து, பின்னந்தலை தரையில் டங்கு டங்கென்று மோதியது. பல் கிட்டிவிடக் கூடாதென்று ஆனந்தராஜ் விரலை வாய்க்குள் விட்டான். அவள் கடித்ததில் எலும்பு தெரிந்தது. வலது ஆட்காட்டி விரலில் அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. வலிப்பின்போது வாய்க்குள் விரலை விடவே கூடாது என்று டாக்டர்கள் திட்டியது பிறகு.

மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வலிப்பு அடங்கவில்லை. சில நாள் காலையிலும் வந்தது, மாலையிலும் வந்தது. கடைசியில் கோரிமேட்டுப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சாப்பாட்டையே மருந்தாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். சாப்பாட்டுக் கணக்கைச் சொல்லித் தந்தவர் நிர்மலா மேடம்.

"கீட்டோன்னா கேள்விப்பட்டிருப்பீங்க. உடம்பு எளைக்கிறதுக்காக டவுன்ல நெறைய பேர் அதுல இருக்காங்க. அவங்க ஒரு நாளைக்கு இருபது கிராம்லேர்ந்து அம்பது கிராம் வரைக்கும் மாவுச்சத்து சாப்புடலாம். ஒரு நாள் கூடிப்போனா ஒண்ணும் கொள்ளை போயிடாது. உங்க பாப்பாவுக்கு அப்படி இல்ல. பத்து கிராம்தான்."

"பத்து கிராம்னா எவ்ளோ மேடம்?" என்றான் ஆனந்தராஜ்.

"ஒரு இட்லி. அதோட அன்னைக்குக் கணக்கு முடிஞ்சுது."

அவன் சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தான். நிர்மலா மேடம் சிரிக்கவில்லை. "மாவுச்சத்து கொறைஞ்சா உடம்பு கொழுப்பை எரிக்கும். அந்த நெலமைதான் வலிப்பை அடக்குது. நடுவுல யாராவது ஆசையா ஒரு வாய் ஊட்டிட்டா அந்த நெலமை கலைஞ்சுடும். சில புள்ளைங்களுக்கு அன்னைக்கே வலிப்பு திரும்பி வந்துடுது. பாசக்காரங்ககிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தை ஆனந்தராஜின் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இறங்கியது.

அன்றிலிருந்து சுமலதாவின் அடுக்களையில் ஒரு சின்ன எடை மெஷின் உட்கார்ந்துகொண்டது. மாவு தடவாத சங்கரா மீன் வறுவல், தேங்காயெண்ணெயில் மிதக்கும் முட்டை, வெண்ணெய், கொஞ்சம் கீரை. பாலுக்குக்கூட அளவு. அபி முதல் வாரம் சோறு கேட்டு அழுதாள், வாந்தி எடுத்தாள், தட்டை விட்டெறிந்தாள். பிறகு அடங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக வலிப்பும் அடங்கியது. சித்திரையோடு நின்றே போனது. அபி பள்ளிக்கூடத்தில் ஓடினாள், விழவில்லை. பாட்டுப் பாடினாள், நடுவில் கண் செருகவில்லை. ஆனந்தராஜ் விடியற்காலையில் கடலுக்குப் போகுமுன் தூங்கும் மகளின் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பான்.

இதுவரை எல்லாம் சரி. அவன் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பெண்பிள்ளைக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டுவான் என்று ஊரிடம் மறைத்தான். வலிப்பு வந்த நாட்களில் கதவைச் சாத்தி டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான். பிள்ளை ஏன் சோறு தின்பதில்லை என்று கேட்டவர்களுக்கு, "மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்கோம். சோறு, பலகாரம் எதுவும் தொடக் கூடாது" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான். டயட்டு என்றால் சிரிப்பார்கள். வேண்டுதல் என்றால் வாயை மூடிக்கொள்வார்கள். நல்ல பொய்தான். ஆடி மாதம் என்று ஒன்று வரும் என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

ஆடி வந்தது. கோயிலில் கூழ் ஊற்றும் நாளும் வந்தது.

அந்த வருஷம் கூழுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. ஆனந்தராஜுக்கும் அவன் பங்காளி வெற்றிவேலுக்கும் ஒரு வருஷமாக ஆகாது. வெற்றிவேலின் படகு இன்ஜின் ஆனந்தராஜின் வலையைக் கிழித்தது. பதிலுக்கு ஆனந்தராஜ் கரையில் வைத்துத் துடுப்பாலேயே வெற்றிவேலின் தோளெலும்பை உடைத்தான். பிறகு வெற்றிவேலின் ஆட்கள் இவன் படகுக்கு நெருப்பு வைக்கப் பார்த்தார்கள். இதற்குமேல் போனால் கொலையில்தான் முடியும் என்று ஊர்த்தலைவரான நாட்டார் தெய்வநாயகம் இருவரையும் கூப்பிட்டு, அம்மன் சன்னதியில் சேர்ந்து நின்று கூழ் ஊற்றிப் பகையை முடித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

பந்தலுக்கடியில் அண்டா நிறையக் கேழ்வரகுக் கூழ். பம்பை முழங்கியது. வெற்றிவேல் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி வந்திருந்தான். அவன் முகத்தில் பகை இல்லை. உண்மையிலேயே சமாதானம் ஆக வந்தவன் அவன். முதல் சொம்பை மொண்டு, அம்மன் முன் காட்டிவிட்டு, நேரே அபியிடம் வந்து குந்தினான்.

"மொத கூழு எங்க அண்ணன் பொண்ணுக்குத்தான். சித்தப்பா குடுக்கறேன், குடிம்மா."

சுமலதாவின் முகம் செத்துப்போனது. அபி வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அதுக்கு வேண்டுதல் இருக்குடா. குடிக்காது" என்றான் ஆனந்தராஜ்.

"வேண்டுதல் யாருக்கு? மாரியம்மனுக்குத்தானே?" என்றார் நாட்டார். "அவ கூழைக் குடிச்சாதானே வேண்டுதலே முடியும்? குடுக்கச் சொல்லுப்பா, நல்ல நாளும் அதுவுமா."

கூட்டம் ஆமாம் போட்டது. ஆனந்தராஜ் கட்டிய பொய்யே அவன் கழுத்தில் சுருக்காய் விழுந்தது. வலிப்பு என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை முகங்களையும் கண்டு திரும்பிப் போய்விட்டது. அதற்குள் வெற்றிவேல், "ஒரே ஒரு வாய்ம்மா" என்று அபியின் தாடையைச் செல்லமாகப் பிடித்து, சொம்பை உதட்டில் வைத்தான்.

ஆனந்தராஜின் கால் சொம்பை உதைத்தது. அம்மனுக்குக் காட்டிய கூழ் வெற்றிவேலின் முகத்திலும் வேட்டியிலும் வழிந்து மண்ணில் கொட்டியது. பம்பை நின்றது.

"ஆத்தா கூழை ஒதைக்கிறியாடா?" என்று வெற்றிவேல் எழுந்தான். "என் கையால குடிச்சா உன் பொண்ணு செத்துடுவாளா?"

செத்துவிடுவாளா என்ற சொல்லைக் கேட்டதும் ஆனந்தராஜுக்குக் கண் இருட்டியது. அவன் குத்தியதில் வெற்றிவேலின் மூக்கு உடைந்து ரத்தம் கூழோடு கலந்தது. வெற்றிவேலின் ஆட்கள் பாய்ந்தார்கள். ஆனந்தராஜின் ஆட்களும் விட்டேனா பார் என்று இறங்கினார்கள். விறகுக்கட்டை பறந்தது. ஒருவன் காது கிழிந்தது. விலக்கப் போன நாட்டாரை எவனோ நெஞ்சில் மிதித்துத் தள்ளினான். ஆனந்தராஜ் வெற்றிவேலின் தலைமயிரைப் பிடித்து அண்டாவின் விளிம்பில் மோதினான், மறுபடி மோதினான். நிறுத்த வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. வெற்றிவேல் எப்படியோ உருவிக்கொண்டு, பந்தலுக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கி ஓங்கி விட்டான். ஆனந்தராஜின் மண்டை பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. முட்டி போட்டு விழுந்தான். கம்பி இரண்டாவது தடவை ஓங்கியது. சுமலதா குறுக்கே விழுந்து வெற்றிவேலின் காலைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"குடிச்சிட்டேன்!"

எல்லோரையும்விட அந்தச் சின்னக் குரல் உரக்கக் கேட்டது. திரும்பினார்கள். அபி அண்டாவின் பக்கத்தில் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் அகப்பையைப் பிடித்திருந்தாள். வாய், மோவாய், பாவாடை எல்லாம் கூழ்.

"குடிச்சிட்டேன் சித்தப்பா, பாரு. நெறைய குடிச்சிட்டேன். எங்கப்பாவ அடிக்காத." சொல்லிவிட்டு, நம்பமாட்டார்களோ என்று பயந்து, அகப்பையில் மீதமிருந்ததையும் அவசர அவசரமாக வாயில் ஊற்றிக்கொண்டாள்.

ஆனந்தராஜ் ரத்தத்தோடு தவழ்ந்து போய் அவள் கையிலிருந்து அகப்பையைத் தட்டிவிட்டான். "ஐயோ, எம்பொண்ணுக்கு வலிப்புடா! வலிப்பு! சோறு தின்னா, கூழு குடிச்சா வந்துடும்டா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஊர் கேட்கக் கத்தினான். இரண்டு வருஷமாக மறைத்ததை இரண்டு நொடியில் கொட்டிவிட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. எவனும் முகத்தைச் சுளிக்கவில்லை. கட்டை வைத்திருந்தவர்கள் கையைத் தொங்கப்போட்டார்கள். அவன் இத்தனை நாள் பயந்தது இந்த முகங்களுக்குத்தான்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைஞ்சிருக்கக் கூடாதா அண்ணே?" என்று வெற்றிவேல் அழுதான்.

சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவன் அருள்முருகன். "ஏறுங்க, கோரிமேடு போயிடலாம்" என்றான், முன்பல் போன வாயோடு. சுமலதா குழந்தையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தாள். ஆனந்தராஜ் துண்டால் மண்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏறினான். வெற்றிவேலும் ஏறினான். கையிலிருந்த கம்பியைக் கீழே போட வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு எல்லாக் கோயிலிலும் கூழ், தெருவுக்குத் தெரு ஊர்வலம். வண்டி ஊர்ந்தது. மூன்று பேரும் அபியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உதட்டில் கூழ் காய்ந்து ஒட்டியிருந்தது. "இன்னும் பசிக்குதும்மா" என்றாள் ஒருமுறை. சுமலதா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

கோரிமேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அது வந்தது. பேசிக்கொண்டிருந்தவளின் தலை ஒரு பக்கம் திரும்பியது. கண் செருகியது. உடம்பு விறைத்து, வெட்டி, தாயின் மடியிலிருந்து எகிறி வண்டியின் தகரத் தரையில் விழுந்தது. தலை தகரத்தில் மோதத் தொடங்கியது.

"இரும்பு! இரும்பு குடு!" என்று பதறிய வெற்றிவேல், ஆனந்தராஜின் ரத்தம் ஒட்டியிருந்த அந்தக் கம்பியையே அபியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது அவனுக்குத் தெரிந்த வைத்தியம். பிள்ளையின் சின்ன விரல்கள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உதறின.

ஆனந்தராஜின் கை பழக்கப்படி முஷ்டியானது, ஓங்கியது. மூக்குடைந்து, கூழ் காய்ந்து, குழந்தையைப் போல அழும் வெற்றிவேலின் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பியை எடுத்து ஓரமாக வைத்தான்.

"இரும்பெல்லாம் வேணாம்டா. ஒருக்களிச்சாப்ல திருப்பு. தலைக்கு உன் மடியக் குடு. அமுக்காத, சும்மா இரு. தானா நிக்கும்."

இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆனந்தராஜின் தலையிலிருந்து சொட்டிய ரத்தம் அபியின் பாவாடையில் விழுந்தது. வண்டி ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும்போது உதறல் அடங்கி, மூச்சு இழுத்து, அவள் மெதுவாகக் கண் திறந்தாள். யார் மடி என்று தெரியாமல் சற்று விழித்தாள். பிறகு அப்பாவைக் கண்டுகொண்டாள்.

"சண்ட முடிஞ்சிடுச்சாப்பா?"

ஆனந்தராஜ் அவள் உதட்டில் காய்ந்திருந்த கூழைத் துடைத்துவிட்டான். வெற்றிவேல்தான், "முடிஞ்சிடுச்சும்மா" என்றான்.