மூன்றாவது ஆளின் முறை

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் செயலாளர் முத்துகிருஷ்ணன் கேட்டது ஒரே ஒரு பக்கம், ஆண்டு மலருக்கு. பொழுதுபோக்காகக் களிமண் தட்டு சுட வருகிறவர்கள் திடலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், கூடவே கைக்கு உதவும் சில யோசனைகள். வருடா வருடம் அதை எழுதியவர் என் கணவர் வெள்ளைத்துரை. தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். போன வருடம் கடையில் ஒருவருக்குப் போர்வையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி அந்தப் போர்வையின் மேலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"ஒரு பக்கம் போதும் மேடம். சார் எழுதினதையே கொஞ்சம் மாத்திக் குடுத்தாலும் சரி. கதை கிதை வேணாம்," என்றார் முத்துகிருஷ்ணன்.

முதல் அறிவுரையை ஒழுங்காகத்தான் எழுதினேன். இரண்டாவதற்கு உதாரணமாக ஒரு பெண் வந்து நின்றாள். மூன்றாவதில் துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டாள். அப்புறம் அவளை வெளியே அனுப்ப முடியவில்லை.

அவள் நான்தான். ஆனால் "நான்" என்று எழுதிய பக்கங்கள் எல்லாம் துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குப் பதில் சொல்வதுபோல இருந்தன. அதனால் ஜெயபாரதி என்ற என் பெயரை அவளுக்குக் கொடுத்துச் சற்றுத் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். இனி அவள் அவள்தான். இடையிடையே அடைப்புக்குறிக்குள் நான் வருவேன்.

2

தொடக்கங்கள்.

ஜெயபாரதி துப்பாக்கியை உயர்த்தியபோது வானம்

(வானத்தில் ஒன்றும் இல்லை. விட்டுவிட்டேன்.)

கணவன் இறந்த எட்டாம் மாதம் ஒரு பெண் தோட்டா வாங்கக்

(கொலைக் கதை என்று நினைத்துப் படிப்பீர்கள். அப்புறம் ஏமாற்றம்.)

துப்பாக்கி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

இது நின்றது. இந்த விளையாட்டின் துப்பாக்கி நடுவில் மடியும். மடித்துத் திறந்து வைத்திருந்தால் குழல் காலி என்பது எதிரே வருகிற யாருக்கும் கண்ணால் தெரியும். உங்கள் முறை வரும்வரை தோட்டா போடாதீர்கள், மூடாதீர்கள். குழல் முனை திடலின் பக்கம் தவிர வேறெங்கும் திரும்பக் கூடாது, பேச்சு சுவாரசியத்தில்கூட. "காலிதாங்க" என்று வாயால் சொல்வதை இங்கே ஒருவரும் ஏற்பதில்லை. காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி. வெயிலோ மழையோ, இரண்டும் இல்லாமல் கோட்டருகே போக வேண்டாம்.

அடுத்தவர் தவறவிட்டால் எதுவும் சொல்லாதீர்கள். கேட்காதவருக்கு யோசனை சொல்லவே சொல்லாதீர்கள்.

(வெள்ளைத்துரை வருடா வருடம் இதைத்தான் முதலில் எழுதுவார். கிளப்பிலேயே இதை அதிகம் மீறியவரும் அவர்தான். காரில் திரும்பும்போது கேட்டால், "நான் எங்க அறிவுரை சொல்லுதேன்? பார்த்ததைச் சொல்லுதேன்" என்பார். அடையாறு பாலம் வரும்வரை பார்த்ததைச் சொல்லிக்கொண்டே வருவார். அவரை நல்லவராக மட்டும் எழுதிவிடாமல் இருக்க இந்த அடைப்புக்குறி.)

3

ஆட்டம் தெரியாதவர்களுக்கு. ஐந்து பேர் ஒரு வரிசையில் நிற்பார்கள். முன்னால் தரைக்குள் ஒரு பள்ளம், அதில் ஓர் எந்திரம். நிற்பவர் ஆங்கிலத்தில் "புல்", அதாவது இழு, என்று குரல் கொடுத்ததும் பின்னால் இருக்கிறவர் பொத்தானை அழுத்துவார். உள்ளங்கை அகல ஆரஞ்சுத் தட்டு ஒன்று பள்ளத்திலிருந்து விர்ரென்று கிளம்பி விலகிப் பறக்கும். அதை உடைக்க வேண்டும். முதல் ஆள் சுட்டதும் இரண்டாவது ஆள் கூப்பிடுவார், பிறகு மூன்றாவது. அந்த ஓட்டம் தடைபடாமல் இருப்பதுதான் இந்த விளையாட்டின் பெரிய மரியாதை. ஒரு ஆள் தயங்கினால் ஐந்து பேர் கையும் கெடும். ஐந்தைந்து தட்டுக்கு ஒருமுறை எல்லோரும் ஓர் இடம் நகர்வார்கள். யாருக்குப் பின் யார் என்பது மட்டும் மாறாது.

முதல் ஆள் சந்திரமௌலி, ஓய்வுபெற்ற ஆடிட்டர், மயிலாப்பூர். இரண்டாவது மஹ்விஷ், அடையாறில் பல் மருத்துவர். மூன்றாவது வெள்ளைத்துரை. நான்காவது கரீமுல்லா, சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டார் உதிரி பாகக் கடை. ஐந்தாவது ஆள் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஞாயிறு காலையில் அவர் கடற்கரையில் நடப்பதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்திரத்தின் பொத்தான் அக்பர் பாஷாவிடம்.

வெள்ளைத்துரை போன பிறகு வந்த முதல் ஞாயிறு, மஹ்விஷ் சுட்டாள். அடுத்துக் கூப்பிட வேண்டிய கரீமுல்லா கூப்பிடவில்லை. ஒரு மனிதன் "புல்" என்று சொல்லிச் சுட்டு முடிக்கிற நேரம் சும்மா நின்றார். பிறகுதான் கூப்பிட்டார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறு ஞாயிறும் அப்படியே. வரிசை நகர்ந்தபோது அந்த இடைவெளியும் அவர்களோடு நகர்ந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதை விதி என்றே நினைத்துத் தன் குழுவிலும் இடைவெளி விட்டாராம்.

ஜெயபாரதி அந்த ஞாயிறுகளிலும் பின்னால் தன் பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் இருப்பதற்கு இது மேல். முதல் தடவை அந்த மௌனம் அவளை உலுக்கியது, நன்றியாகக்கூட இருந்தது. ஆனால் ஒரு சுற்று என்பது ஆளுக்கு இருபத்தைந்து தட்டு. ஒவ்வொரு ஞாயிறும் இருபத்தைந்து முறை அவர் வராமல் போனார். மஹ்விஷின் வெடி கேட்டதுமே அவள் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொள்ளும். அவர்களிடம் போய் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் கேட்பார்கள். கேட்டுவிட்டு, கரீமுல்லா சீக்கிரமாகக் கூப்பிடுவார், எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். அது இன்னும் மோசம்.

அந்த இடைவெளி மூட வேண்டும் என்றால் அதில் ஒருவர் நிற்க வேண்டும். அவள் முத்துகிருஷ்ணனிடம் உறுப்பினராகச் சேரக் கேட்டாள்.

4

(இங்கே முத்துகிருஷ்ணன் கேட்ட பக்கத்தைக் கொஞ்சம் கொடுத்துவிடுகிறேன். பாவம் அவர்.)

குறி பார்க்காதீர்கள். விரலால் ஒன்றைச் சுட்டிக் காட்டும்போது விரலையா பார்க்கிறோம்? இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும், தட்டை மட்டும் பாருங்கள். கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் தட்டுக்கு மேலே சுடுவீர்கள். எடை முன்னங்காலில். சுட்ட பிறகும் கையை நிறுத்தாதீர்கள். தட்டோடு போய்க்கொண்டே இருங்கள். நிறுத்துகிறவர்தான் தட்டுக்குப் பின்னால் சுடுகிறவர்.

அடுத்தவர் துப்பாக்கியில் பழகும் பெண்களுக்கு: கட்டை நீளமாக இருக்கும். தோளில் படாமல் புஜத்தில் இடித்து நீலம் பாரிக்கும். வீரத்துக்காகப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். குட்டையான கட்டை கேளுங்கள்.

ஜெயபாரதி கேட்டாள், கிளப் துப்பாக்கிகளில் ஒன்று பொருந்தியது. வெள்ளைத்துரையின் துப்பாக்கி, அதன் உரிமம் யாருக்கு என்று முடிவாகும்வரை, ஆயுதக் கடையில் ஒப்படைத்துக் கிடக்கிறது. அது கைக்கு வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

வீட்டில் மொட்டை மாடியில் துடைப்பக் கட்டையைத் தோளில் ஏற்றிப் பழகினாள். பறப்பதையெல்லாம் அதன் நுனியால் துரத்தினாள். மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் மிக மெதுவானது, காகம் வாக்குத் தவறித் திசை மாறும். எதிர் மாடியில் வற்றல் காயப்போட வந்த பெண்மணி ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒட்டடையா அடிக்கிறீங்க?"

"ஆமாங்க."

"வானத்துலயா?"

"அங்கதாங்க ஜாஸ்தி."

5

பாதுகாப்புத் தேர்வில் தேறினாள். அந்த ஞாயிறு வரிசையில் மூன்றாவதாகப் போய் நின்றாள். யாரும் பெரிதாக வரவேற்கவில்லை, அது அவளுக்குப் பிடித்திருந்தது. மஹ்விஷ் மட்டும், "ஆன்ட்டி, என் பக்கத்துல நிக்கிறவங்க வாயைத் திறந்தாலே பல்லைத்தான் பார்ப்பேன். பயப்படாம கூப்பிடுங்க," என்றாள்.

சந்திரமௌலி சுட்டார். மஹ்விஷ் சுட்டாள். ஜெயபாரதி தோட்டாவை இட்டு மூடி, கன்னத்தைப் பதித்து, காலைச் சரி செய்தாள். புதியவள், கொஞ்சம் நேரமாகும். எவ்வளவு நேரம் என்றால், ஒரு மனிதன் "புல்" என்று சொல்லிச் சுட்டு முடிக்கிற நேரம்.

"புல்," என்றாள்.

அதே கணத்தில் கரீமுல்லாவும் "புல்" என்றார்.

தட்டு கிளம்பியது. அவள் குழல் நகரத் தொடங்கும் முன்பே நான்காவது இடத்திலிருந்து வெடி கேட்டது. தட்டு ஆரஞ்சுப் புகையாகி இறங்கியது. அழகான சுடல். அடுத்தவரின் தட்டு.

(இந்தத் திடலில் இதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு கிடையாது. இதைச் செய்தவர் இந்தத் திடலிலேயே மிகவும் மரியாதை தெரிந்தவர். இதைக் கற்பனை செய்ய எனக்கு வராது.)

6

ஐவரும் துப்பாக்கியைத் திறந்து காலி செய்தார்கள். காதடைப்பான்கள் கழன்றன. அக்பர் பாஷாதான் முதலில் பேசினார்.

"நோ பேர்ட். கணக்குல வராது, வேற தட்டு வுடணும். இன்னா சார் இது, ரெண்டு கொரலு ஒண்ணா வந்தா நான் யாருக்குனு அமுக்குறது?"

கரீமுல்லா துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துவிட்டு ஜெயபாரதியிடம் வந்தார். அண்ணி என்ற முறையில் அவளை எப்போதும் பாபி என்பார். முகம் வெளுத்திருந்தது. "கை தானா போயிடுச்சி பாபி. இத்தினி மாசம் அந்த நேரத்துல கூப்ட்டுக் கூப்ட்டு... நான் இன்னிக்கி வெளிய ஒக்கார்றேன்."

"நீங்க ஏன் உக்காரணும்? வேணும்னா பண்ணினேள்?" என்றார் சந்திரமௌலி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஜெயா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதேங்கோ. உங்களை ஆறாவது ஆளா கடைசியில வெச்சுக்கலாம். அந்த மூணாவது எடம்... அது துரைக்குன்னே இருந்துட்டுப் போகட்டுமே. எங்களுக்கும் அப்படியே பழகிடுத்து."

"ஆறாவது ஆளுக்கு இங்க எடமே கெடையாது சார்," என்றார் அக்பர் பாஷா.

"நீ சும்மா இருப்பா."

ஜெயபாரதி திறந்த துப்பாக்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றாள். அவர்கள் எல்லோரும் அவரை நேசித்தார்கள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் குரல் உயராமல் பார்த்துக்கொண்டாள்.

"அவருக்கு வேண்டிய எடம் எங்க வீட்ல இருக்குங்க. தினம் சாயங்காலம் அவர் வர்ற மாதிரி சாவி சத்தம் கேக்குற எடம் ஒண்ணு இருக்கு, அதை நான் பாத்துக்குறேன். இங்கயும் அவருக்காக உக்காந்திருக்க என்னால ஆகல. நான் சுட வந்திருக்கேன்."

அவள் கரீமுல்லாவின் பக்கம் திரும்பினாள்.

"கரீம் அண்ணே, நீங்க வெளிய உக்காந்தா நாலாவது எடத்துல ஒரு ஓட்டை விழும். அப்புறம் அதுக்கு ஒருத்தர் மௌனமா நிப்பார். வேணாம். என் வெடி கேட்டதும் கூப்பிடுங்க. பட்டுச்சா படலையான்னு பாக்காதீங்க. எனக்காக நிறுத்தாதீங்க."

கரீமுல்லா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"துரை மாதிரியே பேசுறீங்க," என்றார்.

"இல்லண்ணே. அவரா இருந்தா உங்க கால் எங்க தப்பா நின்னுதுன்னு சொல்லியிருப்பார்."

முதலில் சிரித்தவர் பெயர் போட வேண்டாம் என்று சொன்னவர்.

7

முடிவுகள்.

அ. அவள் கூப்பிட்டாள். தட்டு உடைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். (சுற்று நடக்கும்போது இங்கே யாரும் கை தட்டுவதில்லை. கையில் துப்பாக்கி இருக்கிறது.)

ஆ. தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது. அவள் புன்னகைத்தாள். (புன்னகைக்கவில்லை.)

இ. குழலின் நுனியில் அவள் தன் கணவனின் (இல்லை. அந்த நேரத்தில் அவர் நினைவு வரவில்லை. முன்னங்கால் நினைவுதான் இருந்தது. அதை எழுதத்தான் இத்தனை பக்கமும் தேவைப்பட்டதோ என்னவோ.)

இவ்வளவையும் எழுதிக் கரீமுல்லாவுக்குக் காட்டினேன். கடையில் நின்றபடியே படித்தார். ஒரு வாடிக்கையாளர் கிளட்ச் வயர் கேட்டார், காத்திருக்கச் சொன்னார்.

"முகம் வெளுத்துச்சின்னு எழுதியிருக்கீங்க."

"வெளுத்துதுங்களே."

"அது இருந்துட்டுப் போகட்டும். மத்தவங்க தட்டை ஒடைச்ச ஆளுன்னு மலர்ல வந்தாலும் பரவால்ல, நெசம்தான். ஆனா அதுக்கப்புறம் நடந்ததுல என்னை வெக்காதீங்க பாபி. உங்களோட அந்த ரெண்டாவது தட்டுக்கு அப்புறம் நான் நிறுத்துனேனா இல்லியா, அதை நாலு பேர் படிக்க வேணாம். அந்த எடத்துல வேற யாரையாவது நிக்க வெச்சு எழுதிக்குங்க."

அவர் கேட்டது நியாயம். அவரை எடுத்துவிட்டேன்.

8

ஆக நான்காவது இடத்துக்கு ஆள் தேவைப்படுகிறது. வாருங்கள்.

காதை அடைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குழல் முனை முன்பக்கம். எடையை முன்னங்காலுக்குக் கொண்டுவாருங்கள். உங்களுக்கு இடப்பக்கம் நிற்கிற பெண் ஜெயபாரதி. அவளைப் பற்றி இப்போது உங்களுக்கு வேண்டியதைவிட அதிகமாகத் தெரியும், அது என் தவறு. மறக்க முயலுங்கள். அவள் பக்கம் திரும்ப வேண்டாம்.

அக்பர் பாஷா விரலைப் பொத்தானில் வைத்துவிட்டார்.

அவள் மூடுகிறாள். கன்னம் பதிகிறது. கூப்பிடுகிறாள். முன்பைவிடச் சீக்கிரம், முன்பைவிட உரக்க. தட்டு கிளம்பி வலப்பக்கமாக விலகி உயர்கிறது. அவள் வெடி உங்கள் காதடைப்பானைத் தாண்டிக் கேட்கிறது.

பட்டதா என்று பார்க்க உங்களுக்கு நேரமில்லை.

கூப்பிடுங்கள்.